பாலும் இல்ல, சக்கரையும் இல்ல... அப்புறம் என்ன டீ?

தலைப்பைப் பார்த்ததும் "ஆரம்பிச்சிட்டாடா, கிரீன் டீ குடிச்சு உடம்பைக் குறைக்கச் சொல்லப் போறா" என்று பக்கத்தைத் தள்ளிவிடப் பார்க்கும் மகாஜனங்களே, ஒரு நிமிஷம். உடம்பு குறைவது பற்றி இதில் ஒரு வரிகூட இல்லை. இது டீக்கடைக்கு எதிரான கட்டுரையும் இல்லை. பின்கேட் டீக்கடையில் எனக்கு இன்னும் அறுபது ரூபாய் பாக்கி இருக்கிறது. அந்த அண்ணனைப் பகைத்துக்கொள்ளும் நிலைமையில் நான் இல்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு நல்ல மூக்கு இருக்கிறது. அந்த மூக்கை இதுவரை பயப்படுவதற்குத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறோம். ஒரு தடவை சந்தோஷத்துக்கும் பயன்படுத்திப் பாருங்களேன் என்கிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த வழி, தூளாக இல்லாமல் முழு இலையாகவே இருக்கும் டீ.

எப்படிக் கிடைத்தது? ஐ.வி.யில்.

போன ஜனவரியில் நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் குன்னூர் போனது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இன்ஸ்டாகிராமில் பாருங்கள், எங்கள் கிளாஸ் மொத்தமும் ஒரே சிம்ஸ் பார்க் போட்டோவைப் போட்டிருப்போம். ஐ.வி. என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? பஸ்ஸில் எட்டு மணி நேரம் டான்ஸ், ரிப்போர்ட் இரண்டு பக்கம். அந்த லிஸ்டில் கடைசியாக ஒரு டீ ஃபேக்டரி இருந்தது. பாதிப் பேர் ஸ்வெட்டர் வாங்கப் போய்விட்டார்கள். எனக்குக் கையில் காசு இல்லாததால் உள்ளே போனேன்.

உள்ளே இரண்டு லைன். முதல் லைன் சி.டி.சி. நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று வேலைகளின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1930-களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் உருவாக்கிய மெஷின். பல் வெட்டிய இரண்டு ஸ்டீல் உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று மற்றதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வேகம். நடுவில் மாட்டிய இலை என்ன கதியாகும் என்று மெஷின் டிசைன் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குட்டிக் குட்டி உருண்டைகளாக வெளியே வரும். அதைச் சலித்தால் பொடிசாகக் கீழே இறங்குவது டஸ்ட். நம்ம டீக்கடை துணி வடிகட்டியில் விழுவது பெரும்பாலும் அதுதான். துகள் சின்னதானால் மேற்பரப்பு அதிகம், மேற்பரப்பு அதிகமானால் சாறு சீக்கிரம் இறங்கும். அரை நிமிஷத்தில் கறுகறு டிகாஷன். எவ்வளவு பால் ஊற்றினாலும் நிறம் போகாது. ஷிஃப்டுக்கு ஓடுகிற மனுஷனுக்கு அதைவிட நல்ல டிசைன் கிடையாது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

இரண்டாவது லைனின் பெயர் ஆர்த்தடாக்ஸ். அங்கே யாருக்கும் அவசரமே இல்லை. பறித்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து ஃபேன் காற்று விட்டு, 12-லிருந்து 18 மணி நேரம் வாட விடுகிறார்கள். பச்சை இலையின் எடையில் நாலில் மூன்று பங்கு தண்ணீர். அதில் ஒரு பகுதி போனதும் இலை துவண்டு, துணி மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் பித்தளைப் பட்டைகள் பதித்த ஒரு வட்ட மேஜைமேல் போட்டு உருட்டுகிறார்கள். இலை கிழிந்து கூழாவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. உள்ளே செல்கள் உடைந்து சாறு காற்றோடு சேர்கிறது. அந்த ரூம் வாசலில் 'ஃபெர்மென்டேஷன்' என்று போர்டு. உண்மையில் அங்கே புளிக்க வைக்கும் கிருமி எதுவும் இல்லை. ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அதே ஆக்ஸிடேஷன்தான். பச்சை இலை மெல்லச் செம்பு நிறத்துக்கு வருகிறது. கடைசியில் டிரையர், ஈரம் சுமார் 3 சதவீதம் ஆகும்வரை. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ டீ.

அந்த ரூமுக்குள் நுழைந்தபோது அடித்த வாசனையை எழுத வார்த்தை தேடிக்கொண்டே இருக்கிறேன். பழுத்த கொய்யா இருக்கிற கூடைக்குப் பக்கத்தில் யாரோ புல் வெட்டுகிற மாதிரி. இதுதான் இப்போதைக்கு என்னால் முடிந்தது.

வெளியே ஒரு நீள மேஜை. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கொஞ்சம் உலர்ந்த இலை, கொஞ்சம் நனைந்த இலை. ருசி பார்ப்பவர் ஒரு பெரியவர். ஒரு ஸ்பூன் எடுத்து 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சினார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் கோபப்படவில்லை. "சத்தம் வரணும்மா. காத்தோட சேத்து உறிஞ்சினாத்தான் வாசனை தொண்டை வழியா மேல ஏறி மூக்குக்குப் போகும். நாக்குக்கு என்ன தெரியும்? இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு, இன்னொண்ணு ரெண்டு. மீதி பூரா மூக்குதான்" என்றார். என்னிடம் ஒரு கோப்பையை நகர்த்தி, "இது பனி விழுற மாசத்துக் கொழுந்து. செடி மெதுவா வளரும். என்ன வாசனை வருதுன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

நான் வாயில் வந்ததைச் சொன்னேன்: "பன்னீர் ரோஸ். அப்புறம் எலுமிச்சைத் தோல்... அதுக்குக் கீழ வைக்கோல்."

"எந்த ஊரும்மா?"

"திருவொற்றியூர். சென்னை."

"பழகின மூக்காட்டம் இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பழகின மூக்கு. எங்கே பழகியது?

நீங்கள் எங்கள் ஏரியாக்காரராக இருந்தால் உங்களுக்கே தெரியும். திருவொற்றியூரில் மொட்டை மாடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லலாம். மேற்கே மணலி, கேஸ் அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி. வடக்கே எண்ணூர், நிலக்கரிச் சாம்பல். தெற்கே காசிமேடு, மீனும் டீசலும் ஐஸும். கிழக்கே கடல், அதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். எங்கள் பாட்டி துணி காயப்போடுவதா வேண்டாமா என்பதை மூக்கால்தான் முடிவு செய்யும். இது விளையாட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, பார்ப்பதற்கு முன்னாலேயே வாசனையில் தெரிந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்களே, அன்றைக்கு அவர்களை எழுப்பியதும் மூக்குதான்.

ஆக, நமக்கு மூக்கு என்பது ஒரு அலாரம். பத்து விதக் கெட்ட நாற்றத்தைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவனுக்குப் பத்து விதமான நல்ல வாசனையைப் பிரித்துச் சொல்ல முடியாதா? முடியும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். குன்னூரில் அந்தப் பெரியவர் கேட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன். ஃபேக்டரி வாசல் கடையில் ஃப்ரெண்டிடம் கடன் வாங்கி 100 கிராம் வாங்கினேன், 160 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், நம்ம வழக்கப்படி பாத்திரத்தில் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, பத்து நிமிஷம் கொதிக்க விட்டது. விளைவு? நிலவேம்புக் கஷாயம் தோற்றுவிடும். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். நம்ம வீடு கடல் மட்டம், 100 டிகிரி. அதில் பத்து நிமிஷம் போட்டு வதைத்தால் இலை என்ன செய்யும் பாவம், இருக்கிற துவர்ப்பையெல்லாம் கக்கிவிடும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் நான் எழுதிய பதிலைவிட இந்த டம்ளர் எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, அரை நிமிஷம் விட்டு, ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் இலை. மூடி வைத்து மூன்று நிமிஷம். வடிகட்டி நைனாவிடம் கொடுத்தேன்.

நைனாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பர் கேட் திறக்க வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் ஒரு ராத்திரி, சில சமயம் ஒரு ராத்திரியும் ஒரு பகலும். அந்த நேரம் முழுக்க டீதான். ஒரு நாளைக்கு எட்டு, பத்து. தூக்கம் வரக் கூடாது, பசியும் தெரியக் கூடாது. அரை டம்ளர் டீயில் மூணு ஸ்பூன் சக்கரை. இரண்டு வருஷம் முன்னால் சுகர் வந்து, கண் மங்கி, வண்டியை விட்டார். டாக்டர் சக்கரையை நிறுத்தச் சொன்னார். சக்கரை இல்லாத பால் டீயை நைனா ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணி என்பது ஒரு கஷ்டமான நேரம். எல்லோர் கையிலும் டம்ளர் இருக்கும், அவர் சும்மா டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் கொடுத்ததை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இன்னாமா இது, பாத்திரம் கயுவுன தண்ணியாட்டம் கீது?" ஒரு வாய். "பாலும் இல்ல, சக்கரையும் இல்ல... அப்புறம் இன்னா டீ?" தலைப்பு கிடைத்தது. டம்ளர் அப்படியே திரும்பி வந்தது.

உண்மையில் அது அவர் தப்பில்லை. நானே குடித்துப் பார்த்தேன், குன்னூரில் குடித்தது அது இல்லை. மேலே மெல்லிய பழுப்பு ஏடு வேறு மிதந்தது. அந்த ஏடு என்ன என்று தேடினால், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பிரோ என்பவர் 1990-களில் இதையே ஆராய்ச்சி செய்திருக்கிறார். தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் இருந்தால் டீயின் பாலிஃபீனால்கள் மேற்பரப்பில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஏடு கட்டும். அன்றைக்கு நான் வைத்தது போர் தண்ணி. நம்ம பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறிவிட்டது என்பதைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வருகிறோம். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. டீ மட்டும் எப்படி வரும்? மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல் தண்ணீரிலிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் அளவில் ஒரு ஆலை வந்தது, வடசென்னைக்கு அந்தத் தண்ணீர் என்று படித்திருக்கிறோம். ஆனால் எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணி வருகிற நாளும் நேரமும் ஆலைக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. ஆகவே கேன் தண்ணி.

இங்கே ஒரு சின்ன விஞ்ஞானம். ஹாஸ்டலில் என் ஃப்ரெண்ட் ஒருத்தி, மெட்ரோ தண்ணி டீக்கும் கேன் தண்ணி டீக்கும் வித்தியாசம் குடித்தே சொல்லிவிடுவேன் என்று சவால் விட்டாள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸில் தூங்காதவர்களுக்கு ரொனால்ட் ஃபிஷர் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா டீ ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றார். அதிலிருந்து ஃபிஷர் எட்டுக் கோப்பை சோதனையை அமைத்து, 1935-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். நாலு இப்படி, நாலு அப்படி. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்புதான். நாங்களும் எட்டு டம்ளர் வைத்தோம். (கெட்டில் எங்கிருந்து வந்தது என்று வார்டன் மேடம் கேட்டால், அது கெட்டில் இல்லை, லேப் எக்யூப்மென்ட்.) அவள் எட்டில் ஆறு சரியாகச் சொன்னாள். கைதட்டிக் கொண்டாடிவிட்டோம். அப்புறம் கணக்குப் போட்டால், சும்மா அடித்துவிட்டாலே ஆறோ அதற்கு மேலோ வர 70-இல் 17 வாய்ப்பு, அதாவது 24 சதவீதம். ஒன்றும் நிரூபணமாகவில்லை. போர் தண்ணியை வைத்துச் சோதிக்கவில்லை, அதற்குச் சோதனையும் தேவையில்லை, ஏடே சொல்லிவிடும்.

இனி உங்கள் மனசில் இருக்கும் கேள்வி. "இதெல்லாம் பெரிய வீட்டுச் சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" என் கிளாஸ்மேட் ஒருத்தன் நேரடியாகவே சொன்னான், "நீ மேல்தட்டு ஆயிட்ட." அவனுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுத ஒப்புக்கொண்டேன்.

முதலில் காசு. டீ காய்ச்ச ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேசத் தரநிலையே இருக்கிறது, நிஜமாக. 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிஷம். அது ருசி பார்ப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வகுத்தது, நாம் குடிக்க அல்ல. (இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரநிலைக்கு 1999-இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள்.) நான் ஒரு டம்ளருக்கு இரண்டரை கிராம் போடுகிறேன். 100 கிராமில் 40 டம்ளர். 160 ரூபாயை 40-ஆல் வகுத்தால் 4 ரூபாய். பால் இல்லை, சக்கரை இல்லை. அதே இலையில் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றலாம், இரண்டாவது டம்ளர் ஓசி. பின்கேட்டில் ஒரு டீயின் விலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் எங்கே இருக்கிறது மேல்தட்டு?

காசு இல்லையென்றால் வேறு என்ன தடுக்கிறது? பழக்கம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து டீ தேங்கியபோதுதான், இங்கே இருக்கிற ஜனங்களையே குடிக்க வைக்க வேண்டும் என்று டீ கம்பெனிகள் மும்முரமானார்கள். இந்தியன் டீ மார்க்கெட் எக்ஸ்பான்ஷன் போர்டு என்ற அமைப்பு ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டியது, ஓசியில் ஊற்றியது. மில்லிலும் ஃபேக்டரியிலும் டீ கிடைத்தால் தொழிலாளி சோர்வில்லாமல் வேலை செய்வான் என்று முதலாளிகளிடம் சொல்லி விற்றார்கள். தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் கௌரவமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார், லைப்ரரியில் இருந்தால் எடுத்துப் படியுங்கள். சுருக்கமாக, நம்ம தாத்தாக்களுக்கு டீ ஒரு எரிபொருளாக வந்து சேர்ந்தது. டீசல் மாதிரி. டீசலை யாரும் மோந்து பார்த்து ரசிப்பதில்லை. நைனா வரிசையில் நின்று குடித்த பத்து டீயும் டீசல்தான். வண்டி நின்றதும் டீசலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. நல்லதை நிதானமாக உட்கார்ந்து ருசிப்பது அடுத்தவன் வேலை என்று நம்மிடம் யாரும் வாயால் சொன்னதில்லை, ஆனால் நாமே நம்பிவிட்டோம். எனக்குக் கோபம் அதில்தான்.

"நம்ம ஊர்ப் பழக்கம் இல்லையே" என்கிறீர்களா? பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டிருப்பீர்கள். 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம், இன்றைக்கு வடசென்னைச் சாப்பாடு. அதே பர்மாவில் டீ இலையைப் புளிக்க வைத்து, வேர்க்கடலை, பூண்டு வறுவல் எல்லாம் சேர்த்துக் கலந்து சாப்பிடுகிறார்கள், லஃபெட் என்று பெயர். டீ இலையைத் தின்னவே செய்கிறவர்கள் இருக்கும்போது பால் ஊற்றாமல் குடிப்பதில் என்ன அதிசயம்?

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தெருமுனை டீக்கடை பசங்களுக்கு ஒரு கிளப் மாதிரி. நாங்கள் அங்கே நின்று ஒரு டீ குடித்தால் அடுத்த நாள் அது செய்தி. வீட்டிலோ அம்மா எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய ஆறிப்போன டீயை நின்றுகொண்டே குடிக்கும். உட்கார்ந்து, சூடாக, தனக்கென்று ஒரு டம்ளர் டீ குடித்த அம்மாவை நான் பார்த்ததே இந்த இலை வந்த பிறகுதான். இரண்டாவது தண்ணி ஊற்றிய டம்ளர் அம்மாவுக்கு. அதுதான் லேசாக இருக்கிறதாம், அதுதான் பிடிக்கிறதாம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நிதானமாக ரசிக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தால், அந்த இலையைப் பறித்தவர்கள் நிதானமாக இருந்தார்களா என்ற கேள்வி வரும். வரணும். வால்பாறை பக்கத்து எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் எழுதிய நாவல்தான் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. படித்தால் கொஞ்ச நாள் டீ இறங்காது. நீலகிரியில் இருக்கும் அரசு டீ நிறுவனமான டான்டீ, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க வந்தது. நீலகிரியின் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுப் பல வருஷமாகப் போராடுகிறார்கள். இதற்கெல்லாம் என் ஒரு டம்ளர் தீர்வு என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் பால், சக்கரை, ஏலக்காய் எல்லாம் போட்டு மூடாத டீயில் இலை எப்படிப்பட்டது என்று தெரியும். நல்ல இலைக்கும் மட்ட இலைக்கும் வித்தியாசம் தெரிந்து கேட்கிறவர்கள் அதிகமானால், இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறிப்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்க ஒரு காரணமாவது இருக்கும். கொடுப்பார்களா என்பது வேறு சண்டை.

டீக்கடைக்குப் போவதை நான் நிறுத்திவிடவில்லை. அரியர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி எனக்கும் டீசல்தான் வேணும். மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றால் இஞ்சி போட்ட பால் டீ, மசால் வடை, அதை எந்த இலையாலும் அடிக்க முடியாது. இரண்டும் இரண்டு வேலை.

நைனாவுக்கு மூன்றாவது தடவை கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேன் தண்ணி, மூன்று நிமிஷம். இந்த முறை குடிக்கச் சொல்லவில்லை. வடிகட்டிய பிறகு மிச்சமிருந்த நனைந்த இலையை ஒரு தட்டில் போட்டு, "மோந்து மட்டும் பாரு நைனா, இன்னா வாசனைன்னு சொல்லு" என்றேன், அந்தப் பெரியவர் என்னைக் கேட்ட மாதிரியே.

தட்டை மூக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "குண்டூர்லேர்ந்து பொயலை லோடு ஏத்தினு ஹார்பருக்கு வருவேன். நீ அப்போ கைக்கொயந்த. ராத்திரி பூரா கேபின்ல அந்த வாசனதான் அடிக்கும், தூக்கமே வராது. அது மாரி கீது" என்றார். இன்னொரு முறை மோந்துவிட்டு, "இல்ல. பொயலை மேல யாரோ பூ வெச்ச மாரி" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஏற்றிய லோடு பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. அன்றைக்கு நெல்லூர் செக்போஸ்ட்டில் மழையில் தார்ப்பாய் கட்டிய கதை, மிளகாய் லோடு ஏற்றி நாலு நாள் தும்மிய கதை, மரவாடியிலிருந்து தேக்கு ஏற்றிய கதை, எல்லாமே வாசனை வாசனையாக வந்தது. நடுவில் டம்ளர் காலியானதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. சக்கரை கேட்கவும் இல்லை.

என் 100 கிராம் போன மாதமே தீர்ந்துவிட்டது. ஜூனியர்ஸ், இந்த வருஷமும் ஐ.வி. குன்னூருக்குத்தான் என்று கேள்விப்பட்டேன். ஸ்வெட்டர் கடைக்குப் போகிறவர்கள் போங்கள். ஃபேக்டரிக்குள் போகிற யாராவது ஒருத்தர், ஆர்த்தடாக்ஸ் இலை, ஜனவரி மாசத்தில் பறித்தது என்று கேட்டு ஒரு 250 கிராம் வாங்கிக்கொண்டு வாருங்கள். காசை முன்னாடியே ஜிபேயில் போட்டுவிடுகிறேன். காலையில் நைனா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.